ஜெயலீலாவின் இருமல்

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிரிட்ஜ்வாட்டரில் ஏப்ரல் மாதம் பாதி ஊர் இருமும். மகரந்தம். என் மனைவி ஜெயலீலா இருமத் தொடங்கியபோது நானும் பொருட்படுத்தவில்லை.

நான் கல்லூரியில் நவீன சீனப் புனைகதை கற்பிக்கிறேன். அந்தக் கதைகளில் ஒருவன் ரத்தம் துப்பினால், நோயாளி அவன் அல்ல, அவனுடைய நாடு. அதைப் பற்றித்தான் நூல் எழுதிக்கொண்டிருந்தேன். அவளிடமும் சொன்னேன்: காரும் மூடிய கதவுகளுமான இந்த ஊர் உன் வழியாக இருமுகிறது.

"ஊருக்காக இருமணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? அதெல்லாம் உங்க கிளாஸ் பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க. எனக்கு நெஞ்சு வலிக்குதுங்க."

ஜூனில் சர்ச் மருத்துவ முகாமில் காசநோய்ச் சோதனைக்காகக் கையில் ஊசி குத்திப் பார்த்தார்கள். தடித்தது. எக்ஸ்ரேவுக்கு மாவட்ட அரசு கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது, நான்தான் கூட்டிப்போனேன். நர்ஸ் முடிவைச் சொல்ல அழைத்தபோது போனை எடுத்ததும் நான்தான். காசநோய். மாத்திரை இலவசம். அவள் இந்தியாவுக்குப் போய்விட்டாள் என்றேன். அங்குள்ள முகவரி கேட்டார், கொடுத்தேன்.

"யாருங்க? என்ன சொன்னாங்க?"

"சின்ன வயசுல போட்ட டி.பி. தடுப்பூசியாலதானாம். நம்ம ஊர்க்காரங்க எல்லாருக்கும் கை தடிக்குமாம். எக்ஸ்ரே க்ளீன்."

நம்பினாள். இங்கே தமிழர் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான் அது.

கிரீன் கார்டு வரும்வரை மட்டும் என்று நினைத்தேன். காசநோய் பதிவானால் மனு முடங்கும். இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

அக்டோபரில் இரண்டு கார்டுகளும் தபாலில் வந்தன. அவள் தன் படத்தைப் பார்த்தாள்.

"இதுல எவ்ளோ குண்டா இருக்கேன் பாருங்க. இனிமேலாவது டாக்டர்கிட்ட போலாமா? உங்களுக்கு டைம் இல்லன்னா நான் டாக்ஸி கூப்பிட்டுக்கறேன்."

செமஸ்டர் முடியட்டும் என்றேன். மறுநாளிலிருந்து கல்லூரிக்குப் போகும்போது வீட்டில் இருந்த ஒரே தொலைபேசியைக் கழற்றிக் காரில் வைத்துக்கொண்டேன்.

இந்த விசாரணையில் நீங்கள் அந்த அக்டோபரைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மாத்திரை தொடங்கியிருந்தால் சில வாரங்களில் இருமல் நின்றிருக்கும். என் நூலின் கடைசி அத்தியாயம் பாதியில் இருந்தது. நான் படித்த எந்தக் கதையிலும் ஒரு மனுஷி இவ்வளவு துல்லியமாக மெலிந்ததில்லை. அவள் சுவருக்கு அந்தப்பக்கம் இருமினாள். நான் அதைக் கேட்டுக்கொண்டே எழுதினேன்.

பிப்ரவரியில் இறந்தாள். கொன்றது நான்தான், அப்படியே பதிவுசெய்துகொள்ளுங்கள். ஆனால் அந்த அத்தியாயத்தை ஒருமுறை படியுங்கள். மனைவிக்கு இவ்வளவு கவனமாகக் காதுகொடுத்த கணவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.