கீழே எழுத்தில்லாத படம்

உரக்கப் படித்துக் காட்டுகிறவன் மோர் குடிக்கக்கூடாது ஐயா, தொண்டை கட்டிக்கொள்ளும். வெந்நீர்தான் ஒத்துக்கொள்ளும். நான் கேட்காமலே ஒரு லோட்டா வெந்நீர் கொடுக்கச் சொன்னீர்கள், சந்தோஷம். கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

என் பெயர் கைலாசம். ராசிபுரத்தில் தறிக்காரர்களுக்குப் பத்திரிகை படித்துக் காட்டுகிறேன். இப்படியும் ஒரு பிழைப்பா என்று உங்கள் ஏட்டய்யா சிரித்தார். மத்தியானச் சோறு ஆனதும் பட்டறையில் தறிகள் கொஞ்ச நேரம் நிற்கும். யுத்தச் செய்தி, அரிசி நிலவரம், நூல் கட்டுப்பாடு எல்லாம் அவர்களுக்குத் தெரிய வேண்டும், ஆனால் யாருக்கும் எழுத்து தெரியாது. முதலில் வடக்குப் பட்டறையில் படிப்பேன். பிறகு ஓடையைத் தாண்டித் தெற்குப் பட்டறைக்குப் போவேன். கம்போ சோளமோ கொடுப்பார்கள். ஒண்டிக்கட்டைக்கு அது போதும்.

அதற்கு முன்னால் நானும் தறி போட்டவன்தான். வடக்குப் பட்டறையில் காளியண்ணன் தறிக்கு அடுத்தது என் தறி. பண்டிகையன்று செத்துப்போனாரே, அதே காளியண்ணன்.

நூலை அரசாங்கம் அளந்து கொடுக்க ஆரம்பித்த வருஷம் அது. ஒரு கட்டு நூலுக்கு ஆலாய்ப் பறந்தார்கள். ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நூல் அறையில் நான் தனியாக நின்றேன். என் கை ஒரு நூல் கட்டின்மேல் இருந்தது. அப்போது காளியண்ணன் வாசலில் வந்து நின்றார். அவர் பார்த்தது அவ்வளவுதான், ஒரு கையும் ஒரு கட்டும். அந்த நேரத்தில் நான் அந்தக் கட்டை அடுக்கின்மேல் வைத்தேன் ஐயா. எடுக்கவில்லை, வைத்தேன். இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

முதலாளி நாச்சிமுத்து எல்லோரையும் கூட்டி வைத்து விசாரித்தார். காளியண்ணன் சத்தம்கூடப் போடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "எடுத்ததைப் பாத்தனுங்க" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நூல் கட்டை என் கழுத்தில் மாலையாகப் போட்டு மாரியம்மன் கோயில் வரைக்கும் நடக்கவிட்டார்கள். என் மனைவி ஜானகி எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்தாள். "திருடம் பொண்டாட்டின்னு கூப்பிடுவாங்க, நான் எப்பிடீங்க தண்ணிக்குப் போறது?" என்று கேட்டாள். மறுநாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மல்லசமுத்திரத்தில் அப்பா வீட்டுக்குப் போனவள்தான், திரும்பி வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டபோது என் மாமனார் என்னை உள்ளே உட்காரச் சொல்லவில்லை. என் குழந்தை என்னைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஊரில் எவனும் எனக்குத் தறி கொடுக்கவில்லை.

இதற்குப் பிறகுதான் காளியண்ணன் எனக்கு ஒரு நல்ல காரியம் செய்தார். முதலாளியிடம் போய், "அவனுக்கு எழுத்து தெரியுமுங்க. பத்திரிகை படிக்கச் சொல்லி ஒரு வழி பண்ணுங்க சாமி" என்று கெஞ்சியிருக்கிறார். முதலாளி சம்மதித்தார், ஆனால் நூல் இருக்கிற இடத்துக்குள் நான் காலை வைக்கக்கூடாது. அதனால் கால் வெளியே இருக்கும்படி நிலைப்படியில் உட்கார்ந்து படிப்பேன். தொண்டை வறளும் என்று காளியண்ணன் வீட்டிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு வார்த்தையால் என் குடும்பத்தை அழித்தவர், தன் கையால் எனக்கு வெந்நீர் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் அதை வாங்கிக் குடித்தேன். ஒவ்வொரு நாளும் எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் வெளியே தெரியாமல் சிரிக்கவும் பழகிக்கொண்டேன்.

சேலத்திலிருந்து அப்போது ஒரு வாரப் பத்திரிகை வரும். பேப்பர் பஞ்சத்தில் எங்கள் ஊருக்கு ஒரே ஒரு பிரதிதான், அதையும் நான்தான் பஸ்ஸில் இருந்து வாங்குவேன். அதில் 'கஞ்சமலைக் கோட்டை' என்று ஒரு படக்கதை. மாறன், வீரசிம்மன் என்று இரண்டு சிநேகிதர்கள் சேர்ந்து கோட்டையைப் பிடிக்கிற கதை. பக்கம் முழுக்கப் படம், ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி எழுத்து. படிக்கும்போது பத்திரிகையைத் திருப்பிப் பிடித்து எல்லோருக்கும் காட்டுவேன். இரண்டு பட்டறையும் அதில் பைத்தியமாகக் கிடந்தது.

ஒரு வாரம் கடைசிப் பக்கத்தில் ஒரே பெரிய படம். வீரசிம்மன் தரையில் கிடக்கிறான், அவன் மார்பில் கத்தி. மாறன் மண்டி போட்டு அந்தக் கத்தியின் பிடியில் கை வைத்திருக்கிறான். கீழே ஓர் எழுத்துகூட இல்லை. அடுத்த வாரம் எழுதலாம் என்று விட்டிருப்பார்கள். அடுத்த வாரம் பத்திரிகையே வரவில்லை. பேப்பர் கிடைக்காமல் அத்தோடு நிறுத்திவிட்டார்கள் என்று பஸ் கண்டக்டர் சொன்னார்.

நான் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்தேனே, அந்த இதழ்தான். சற்றுமுன் ஏட்டய்யாவும் ரைட்டரும் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, குத்துகிறான், இல்லை பிடுங்குகிறான் என்று குரலை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். நீங்கள் உள்ளே வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குக் கோட்டை, சிநேகிதன் எதுவும் மனசில் நிற்கவில்லை. நூல் அறைதான் தெரிந்தது. ஒரு கை மட்டும் தெரிகிறது. மற்றதை எவனாவது வாயால் சொன்னால்தான் உண்டு. இந்தத் தடவை சொல்கிற வாய் என்னுடையது என்று நினைத்தபோது எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு பசி எடுத்தது. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

வடக்குப் பட்டறையில், எவனோ குத்திவிட்டு ஓடிய கத்தியை மாறன் பிடுங்குகிறான் என்று படித்தேன். காளியண்ணன் இளகிய மனசுக்காரர். படத்தை அருகில் வாங்கிப் பார்த்து, "பாவம், சிநேகிதனைக் காப்பாத்தப் பாக்கறான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓடையைத் தாண்டிப் போய்த் தெற்குப் பட்டறையில், கோட்டைக்கு ஆசைப்பட்டு மாறன் சிநேகிதனைக் குத்துகிறான் என்று படித்தேன். அங்கே பச்சமுத்து என்று ஒரு தறிக்காரன், முன்கோபி. அவனுடைய சொந்த அண்ணனே புஞ்சைக் காட்டை ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டு அவனை வெறுங்கையாக விட்டவன். அதே படத்தை, காளியண்ணன் விரல் பட்ட அதே இடத்தில், அவனும் தடவிப் பார்த்தான். "எழுத்து தெரியாட்டி என்னங்க, கண்ணு இருக்குதுல்ல? குத்தறான், நல்லாத் தெரியுது" என்றான்.

பிறகு வந்த வாரங்களில் நானே கதை கட்டினேன். பேப்பர் பஞ்சத்தால் இனிப் படம் வராது, எழுத்து மட்டும்தான் என்று சொல்லிவிட்டு, வேறொரு பத்திரிகையின் யுத்தச் செய்திப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் படித்தேன். வடக்கே மாறன் சிநேகிதன் பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்தான். தெற்கே அந்தப் பிள்ளையைக் கிணற்றில் போட்டான்.

ஊர் இரண்டாகப் போயிற்று. மாறன் கட்சி, சிம்மன் கட்சி என்று சந்தையிலும் சவரக்கடையிலும் சண்டை. பேசி முடித்த ஒரு கல்யாணம்கூட இதனால் நின்றது. ஆளுக்கு ஒன்று கேட்டிருக்கிறோமே என்று சிலருக்குச் சந்தேகம் வராமல் இல்லை. பச்சமுத்துவே ஒருநாள் வந்து, "ஏனுங்க, வடக்கால மாத்திச் சொல்றாங்களே?" என்று கேட்டான். "நான் படிச்சது ஒண்ணுதான் பச்சமுத்து. காளியண்ணன்தான் அங்க மாத்திச் சொல்லிட்டுத் திரியறாரு. மாறனைத் திட்டறவன் எல்லாம் பொறாமை புடிச்சவனாம். உங்கண்ணன்கூட மாறனாட்ட நல்லவராம், நீதான் ஒட்டலையாம்" என்றேன். முகம் கறுத்துப்போய் எழுந்து போனான். காளியண்ணன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. அவர் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லத் தெரியாதவர்.

ஐப்பசியில் மாரியம்மன் பண்டிகை. பட்டறைகள் எல்லாம் மூடியிருக்கும். முந்தின நாள் தெற்குப் பட்டறை நிலைப்படியில் உட்கார்ந்து படித்து முடித்துவிட்டு எழுந்தேன். தறியில் இருந்து துணி அறுக்கிற தன் கத்தியைப் பச்சமுத்து அங்கேதான் கூரையில் செருகி வைப்பான். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வேண்டியிருக்காது என்றுதான் நினைத்தேன். பச்சமுத்துவே முடித்துவிடுவான் என்று நம்பினேன்.

மறுநாள் கோயிலுக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்தியிருந்த திடலில் இரண்டு பட்டறை ஆட்களும் முட்டிக்கொண்டார்கள். நல்ல வெயில். பச்சமுத்து மூங்கில் தடியால் காளியண்ணன் தலையில் ஒரே போடு போட்டான். அவர் ஒரு வண்டிக்குப் பின்னால் போய் விழுந்தார். போலீஸ் வருகிறது என்று எவனோ கத்தவும் கூட்டம் கலைந்து ஓடியது. நான் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனேன். மண்டை உடைந்து ரத்தம் வழிந்ததே தவிர அவருக்கு நினைவு தப்பவில்லை. சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"கைலாசம், கொஞ்சம் தண்ணி குடு சாமி" என்றார்.

பக்கத்தில் பானகக் குடம் இருந்தது. மொண்டு கொடுத்தேன். அவர் எனக்கு அவ்வளவு நாள் வெந்நீர் கொடுத்திருக்கிறார், அந்தக் கடன் எனக்கு வேண்டாம். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்தேன். பிறகு கத்தியை அவர் மார்பில் இறக்கினேன். பிடியில் இருந்து கையை எடுக்காமல், அவர் காதருகே குனிந்து கேட்டேன்.

"இப்பப் பாத்துச் சொல்லுங்க. எடுக்கறனா, வெக்கறனா?"

அவர் என்னையே பார்த்தார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆட்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் நான் கத்தியைப் பிடுங்க ஆரம்பித்தேன். வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தவர்கள் கண்டது, ஒருவர் கிடக்கிறார், நான் மண்டி போட்டிருக்கிறேன், என் கை கத்தியில் இருக்கிறது.

வடக்குப் பட்டறை ஆட்கள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் பிடுங்குகிறேன் என்றுதான் அவர்கள் கண்ணுக்குப் பட்டது, அப்படிப் பார்க்க நான்தான் அவர்களைப் பழக்கியிருந்தேன். தெற்குப் பட்டறையில் இரண்டு பேர், நான் குத்தியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்கள் பச்சமுத்துவின் ஆட்கள், அவனைக் காப்பாற்றச் சொல்கிறார்கள் என்று யாரும் நம்பவில்லை. கத்தி பச்சமுத்துவுடையது. அவனை நாமக்கல் ஜெயிலில் வைத்திருக்கிறீர்கள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இன்று காலையில் காளியண்ணன் சம்சாரம் கமலவேணி என் வீட்டு வாசலுக்கு வந்தாள். ஒரு செம்பில் வெந்நீர் கொண்டுவந்திருந்தாள். "அத்தனை பேரு ஓடுனாங்க. நீங்க ஒருத்தருதானுங்க எங்கூட்டுக்காரரைக் காப்பாத்த வந்தீங்க. நூல் விசயத்துல உங்களைச் சொல்லிட்டமேன்னு அவரு தூங்காத நாளில்லீங்க" என்று சொல்லிக் கும்பிட்டாள்.

அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை ஐயா. இத்தனை பாடுபட்டு நான் வாங்கிய பழியைப் பச்சமுத்துவின் பேரில் எழுதி, எனக்கு நல்லவன் பட்டம் கொடுத்தால் எப்படி? பச்சமுத்துவை விட்டுவிடுங்கள். அவன் தடியால் அடித்தான், அவ்வளவுதான். இரண்டு பட்டறையும் அடித்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லியனுப்புங்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி. நான் குத்தினேன், பிறகு பிடுங்கினேன்.

நூல் கட்டும் அப்படித்தான். எல்லோரும் சாப்பிடப் போனதும் எடுத்தேன், வேட்டிக்குள் சுற்றினேன். வாசலில் காலடிச் சத்தம் கேட்டதும் திரும்ப அடுக்கின்மேல் வைத்தேன். ஆனால் காளியண்ணன் பார்த்த நேரத்தில் நான் வைத்தேன் ஐயா, எடுக்கவில்லை. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அதை மட்டும் சரியாக எழுதிவிடுங்கள்.