மங்கலான ஃபோல்டர்

நவம்பர் 12, செவ்வாய்.

இன்று தெரியவந்த தவறு: அக்காவின் கணக்கில், மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டும்படி நான் வைத்த அமைப்பை வேலை முடிந்ததும் பழையபடி மாற்ற மறந்துவிட்டேன். சிறிய தவறு. ஒரு டிக் குறியை எடுத்தால் சரியாகிவிடும்.

மாலை வகுப்பில் சார் எங்களுக்கு வைத்திருக்கும் வழக்கம் இது. கணினிப் பராமரிப்பு படிக்கும் ஒவ்வொருவரும் தினமும் குறிப்பு எழுத வேண்டும். தொடக்கத்தில் செய்த தவறு ஒன்று, முடிவில் மறுநாள் செய்ய வேண்டிய வேலை ஒன்று. ஒன்றுதான். "பத்து வேலை எழுதி வைக்கிறவன் பத்தையும் செய்ய மாட்டான். எது முக்கியம்னு உங்களுக்கே தெரியணும்ல" என்பார். வகுப்புக்கென்று ஒரு குறிப்பு தனியாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இதை அவரிடம் காட்டப்போவதில்லை. ஆனாலும் கை அந்த முறைக்கே போகிறது. யாராவது என்றைக்காவது படித்தால் வரிசையாகப் புரியட்டும் என்றும் ஓர் எண்ணம்.

வீட்டில் மூன்று பேர். முன்னறையில் அம்மாவின் கட்டில். அதன் கால்மாட்டில் சுவரோரம் கணினி மேசை. அங்கே உட்கார்ந்தால் திரையையும் பார்க்கலாம், அம்மாவையும் பார்க்கலாம் என்று அக்காதான் அப்படிப் போட்டாள். பக்கவாதம் வந்து அம்மாவுக்கு வலது பக்கம் விழுந்தபோது அக்கா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் விடுப்பு எடுத்தாள். அந்த விடுப்பு இன்னும் முடியவில்லை. எனக்குப் பகலில் ஜெராக்ஸ் கடை, மாலையில் இந்த வகுப்பு. வகுப்பில் சேர்த்துவிட்டதும் அவள்தான். "நீயாவது வாசப்படியைத் தாண்டுடா" என்றாள்.

வகுப்பில் சேர்ந்த புதிதில், குக்கி என்றால் என்ன என்று சார் சொல்லிக்கொடுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது.

"தியேட்டர்ல இடைவேளைக்கு வெளிய போனா கையில ஒரு முத்திரை குத்துவான். திரும்பி வரும்போது டிக்கெட் கேக்க மாட்டான். கையைப் பாத்துட்டு விட்டுருவான். அவ்வளவுதான் குக்கி. பாஸ்வேர்டை மறுபடி மறுபடி கேக்காம இருக்கறதுக்கு."

பின் வரிசையில் இருந்த மருந்துக் கடைக்காரர், "அந்த முத்திரையை இன்னொருத்தன் கையில ஒத்தி எடுத்துட்டா சார்?" என்றார்.

"உள்ள விட்டுருவான். கை யாரோடதுன்னு அவன் பாக்கறதில்ல. உங்க மூஞ்சியப் பாத்தா ஏற்கெனவே ஒத்தி எடுத்த ஆள் மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டேன்.

அன்றைய வீட்டுப்பாடம் எளிதுதான். வீட்டுக் கணினியில் பிரவுசர், பார்த்த பக்கங்களைச் சேர்த்து வைக்கும் தன் கேஷையும் குக்கிகளையும் எந்த ஃபோல்டரில் ஒளித்து வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து, போகும் வழியை எழுதி வர வேண்டும். சாதாரணமாக அவை கண்ணில் படாது. அமைப்பில் ஒரு டிக் போட்டால் தெரியும். அப்போதும் மற்ற ஃபோல்டர்களைப் போல் இராது, வெயிலில் காய்ந்த துணி மாதிரி நிறம் குறைந்து, மங்கலாக இருக்கும்.

எங்கள் கணினியில் எனக்கொரு கணக்கு, அக்காவுக்கொரு கணக்கு. கணினியைப் பராமரிப்பவன் நான் என்பதால் என் கணக்கிலிருந்து அவளுடைய ஃபோல்டர்களுக்குள்ளும் போக முடியும். என்னுடையதிலேயே தேடியிருக்கலாம். ஆனால் அதில் அதிகமாக ஒன்றும் இல்லை, நல்ல உதாரணமாக இருக்காது என்று பட்டது. அவளுடையதில் தேடினேன். கிடைத்தது. அவள் எப்போதும் மெயிலைத் திறந்தபடியே விட்டுவிடுவாள், லாகவுட் செய்வதில்லை. அப்படி விடக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தருவதும் எங்கள் பாடத்தில் இருக்கிறது. அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

குக்கிகளைப் பிரதி எடுத்து என் பக்கத்தில் வைத்தேன். வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். வேலை செய்தது. அவள் மெயில் என் திரையில் திறந்தது.

மேலேயே இருந்தது, இன்னும் யாரும் படிக்காத ஒரு கடிதம். வேறு ஊரில் இருக்கும் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை, தங்க விடுதி அறை, ஒரு வாரத்துக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும்.

அந்த நேர்காணல் எனக்குத் தெரியும். கணினி வழியாக நடந்தது. புத்தகங்களை அடுக்கி கேமராவைச் சரியான உயரத்தில் வைத்ததும், மேசை விளக்கை அவள் முகத்தில் நிழல் விழாதபடி பிடித்துக்கொண்டு நின்றதும் நான். அவள் நைட்டிக்கு மேலே பழைய வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். "மேல ஆபீசர், கீழ ஆயா" என்றாள். அம்மா கட்டிலில் சத்தம் இல்லாமல் சிரித்தாள், வாயின் ஒரு பக்கத்தால். நேர்காணல் முடிந்தபின் அம்மா என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். "அவ... போ...ட்டும்." அம்மாவின் பேச்சு எனக்குச் சரியாகப் புரிவதில்லை என்று வீட்டில் ஒரு பெயர் இருக்கிறது. அதை நான் திருத்தவில்லை. "தண்ணியாம்மா?" என்று கேட்டு, கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா குடித்தாள்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த வாரம் எனக்கு வகுப்பில் தேர்வு. அக்கா போனால் அம்மாவோடு மாலையில் யார் இருப்பது என்று யோசித்தேன். இதில் கோபமோ பொறாமையோ இல்லை, கணக்கு மட்டும்தான். வாசல் ஒன்று, போக வேண்டியவர்கள் இரண்டு பேர். பதில் எழுதினேன். "குடும்பச் சூழல் காரணமாக இப்பணியை ஏற்க இயலவில்லை. என்னைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி." பொய் ஒன்றும் இல்லை. குடும்பச் சூழல்தான் காரணம். பிறகு இரண்டு கடிதங்களையும் அழித்தேன், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். அடுத்த நாள் அங்கிருந்து போன் வந்தது. விண்ணப்பத்தில் என் எண்ணைக் கொடுத்திருந்தவள் அவளே. "அம்மாவைத் தூக்கிப் பிடிச்சிட்டு இருக்கும்போது போன எப்படி எடுக்கறது, உன் நம்பரையே போடு" என்றிருந்தாள். அவர்களிடம் நான் தம்பி பேசுகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவளுக்கு விருப்பமில்லை என்றேன். அந்தப் பக்கம் பேசிய பெண், "நல்லா பதில் சொன்னாங்க, பாவம்" என்றார்.

அக்கா காத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் நான் கடையிலிருந்து வந்ததும், "போன் வந்துச்சா?" என்பாள். இல்லை என்பேன். சில வாரம் கழித்துக் கேட்பதை நிறுத்தினாள். வேறோர் இடத்துக்கு விண்ணப்பித்தாள். அதை நான்தான் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். ஒழுங்காகத்தான் திருத்தினேன், அரைகுறையாக எதையும் செய்ய எனக்கு வராது. அங்கேயும் தேர்வானாள். அப்போது அம்மாவுக்குக் காய்ச்சல். மூன்றாவது இடத்திலிருந்து கடிதம் வந்தபோது வீட்டில் குறிப்பிட்ட காரணம் ஏதும் இல்லை. கை பழகியிருந்தது.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. அக்காவை இதுவரை எந்த இடமும் வேண்டாம் என்று சொன்னதில்லை. எனக்கு மட்டும்தான் அது தெரியும். சில சமயம் அவளை நினைத்துப் பெருமையாக இருக்கும். அவளோ, தலை வாரும்போது கண்ணாடியைப் பார்த்து, "நான் லாயக்கில்ல போலடா" என்பாள். "அப்படியெல்லாம் சொல்லாதக்கா, நேரம் வரும்" என்பேன். இப்போதெல்லாம் தலை வாருவதும் குறைந்துவிட்டது. கொண்டையாக முடிந்துவிடுகிறாள்.

நான்காவது விண்ணப்பம் போன மாதம். வயது வரம்பால் அவளுக்கு இதுதான் கடைசி. அதற்காக ஒரு சான்றிதழை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது, ஸ்கேனர் மக்கர் செய்தது. அவள் கணக்கில் உட்கார்ந்து சரிசெய்தேன். அதற்குத்தான் மறைந்த ஃபோல்டர்களைக் காட்டும்படி வைத்தேன். பிறகு மறந்தேன்.

இன்று காலை கூப்பிட்டாள். "டேய் விஞ்ஞானி, இங்க வா. என் கம்ப்யூட்டருக்கு ரத்தசோகை."

போய்ப் பார்த்தேன். வரிசையில் ஒரு ஃபோல்டர் மட்டும் வெளிறி இருந்தது. அவள் அதன்மேல் விரலை வைத்திருந்தாள்.

"அது எப்பவும் இருக்கறதுதான்க்கா. மறைஞ்சிருக்கும். ஸ்கேனர் பாத்தப்ப திறந்தேன், மூட மறந்துட்டேன்."

"உள்ள என்ன?"

"பிரவுசர் சேத்து வைக்கிற குப்பை. பாத்த படம், பாத்த பக்கம். அடுத்த தடவை சீக்கிரம் திறக்கணும்ல, அதுக்கு."

"நான்தான் ஹிஸ்டரியை அழிச்சிடறேனே."

"அது வேற, இது வேற. அதை மட்டும் அழிச்சா இது அப்படியே இருக்கும்."

அவள் எழுந்து அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"யாரு வேணா பாக்கலாமா?"

"பாக்கத் தெரிஞ்சவங்க பாக்கலாம்."

"உன்ன மாதிரி பெரிய படிப்பு படிச்சவங்க" என்று சிரித்தாள். "போடா, கடைக்கு நேரமாச்சு."

அவள் பயந்தது எனக்குத் தெரிந்தது. நான் அவள் மெயிலைப் பார்த்ததைப் பற்றிய பயமாக இருக்குமோ என்று முதலில் நினைத்தேன். அதைச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவள் அம்மாவைக் குளிப்பாட்ட அழைத்துப்போனபோது, அவளுடைய கேஷ் ஃபோல்டரை பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். குக்கிகள் ஏற்கெனவே அதில் இருந்தன.

கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத் திறந்தேன். கேஷில் கோப்புகளுக்குப் பெயர் இருக்காது, எண்ணும் எழுத்துமாக இருக்கும். தேதி வாரியாக அடுக்கி ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதலில் மருத்துவமனைகளின் சின்னங்கள், ஒரு விடுதி அறையின் படம். அதையே பல நாள் பார்த்திருக்கிறாள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல். பிறகு, அம்மா தூக்கத்துக்குப் போட்டுக்கொள்ளும் மாத்திரையின் படம். அதே மாத்திரையைப் பற்றி வெவ்வேறு பக்கங்களின் துண்டுகள். அம்மாவுக்காகத் தேடியவை அல்ல என்பது அந்தக் கேள்விகளைப் படித்தாலே தெரிந்தது. அம்மாவின் உடம்புக்கு அவ்வளவு எதற்கு. போன வாரத்திலிருந்து, ஏறக்குறைய தினமும். நடுவில் ஒருநாள், இப்படிப்பட்டவர்கள் கூப்பிட்டுப் பேசுவதற்கான உதவி எண் உள்ள பக்கம். அதைத் திறந்திருக்கிறாள் என்றால் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாடிக்கையாளர் வந்தார். பிறப்புச் சான்றிதழ், இரண்டு பக்கமும் பிரதி. எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு அவள் மெயிலைத் திறந்தேன். நான்காவது இடத்திலிருந்து நேற்றே கடிதம் வந்திருந்தது. தேர்வாகியிருந்தாள். இன்று மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அக்கா இன்னும் பார்க்கவில்லை. வந்திருக்காது என்ற முடிவில் இப்போதெல்லாம் திறப்பதே இல்லை.

தெரியாமல் செய்தேன் என்று எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் எதையும் நடந்த வரிசையில் எழுதச் சொல்வார் சார். நடந்த வரிசை இதுதான்: முதலில் மாத்திரையைப் பார்த்தேன், பிறகு கடிதத்தைப் பார்த்தேன், பிறகு பதில் அனுப்பினேன். குடும்பச் சூழல் காரணமாக. நன்றி சொல்ல மறக்கவில்லை. அழிக்கவும் மறக்கவில்லை.

கடையிலிருந்து வகுப்புக்கு வரும் வழியில் வீட்டுக்குப் போய் டீ குடிப்பேன். இன்றும் போனேன். அக்கா அம்மாவின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "போன்?" என்றாள்.

"இல்லக்கா."

"சரி விடு. இதோட போதும்." டீயை என் பக்கம் நகர்த்தினாள். "ஆறிடப் போவுது, குடி. பரீட்சை என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"நல்லா எழுது."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். எனக்கு நேரமாகிவிட்டது.

மாத்திரைகள் கணினிக்கு மேலே உள்ள பலகையில், நீல பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கின்றன. டீ குடிக்கும்போது அதைப் பார்த்தேன். எடுத்து என் பெட்டியில் பூட்டி வைக்கலாம் என்று நினைத்தேன், கையும் கொஞ்சம் நீண்டது. ஆனால் ஏன் எடுக்கிறாய் என்று கேட்பாள். உன் ஃபோல்டரைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். வேறு எதையெல்லாம் பார்த்தாய் என்பது அடுத்த கேள்வி. அவள் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள். ஒரு துளி கிடைத்தால் போதும், மிச்சத்தை அவளே கண்டுபிடித்துவிடுவாள். அது அவளை மிகவும் வருத்தும். இப்போது அவள் இருக்கும் நிலையில் அந்த வருத்தத்தைத் தாங்க மாட்டாள். அதனால் டப்பாவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

இதை வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். சார் வந்துவிட்டார், வருகைப் பதிவு எடுக்கிறார்.

நாளை செய்ய வேண்டியது: அக்காவின் கணக்கில் அந்த ஃபோல்டர்களைத் திரும்ப மறைக்க வேண்டும்.