வலது ஓரத்துக் கையெழுத்து

புகைப்படத்தில் பென்சிலால்தான் கையெழுத்துப் போட வேண்டும், ஐயா. பேனா மை நாளாக ஆகத் தாளுக்குள் ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும். படத்துக்குக் கீழே விட்டிருக்கும் வெள்ளை விளிம்பில், வலது ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். அண்ணன் அப்படித்தான் போடுவார்.

அவர் படம் எடுப்பார். நான் இருட்டறையில் பிரிண்ட் போடுவேன். காய்ந்த தாள்களை ஜன்னலோர மேசையில் வைத்தால் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிடித்திருந்தால் கையெழுத்து. பிடிக்காவிட்டால், "இது நான் எடுத்த படமே இல்லடா" என்று கிழித்துக் கூடையில் போடுவார்.

"உங்கண்ணன் கையெழுத்துக்கு இருக்கிற மரியாதை உங்கண்ணனுக்கே இந்த வீட்ல கிடையாது தம்பி" என்பார் அண்ணி. நானும் சிரிப்பேன்.

பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்தபோது கண்காட்சிக்குப் படங்கள் தயாராக இருந்தன. "நீயே போட்ருடா, யாருக்குத் தெரியப்போவுது" என்றார். போட்டேன். முதல் தடவையே அச்சு அசலாக வந்தது. நான் பழகியதே இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பழகியிருந்தேன். அவர் கிழித்துப்போட்ட தாள்களின் விளிம்புகளில், வருடக்கணக்காக. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. இடது கையால் எழுதிப் பழகினார். ஒருநாள் காலை நான் கேமராவில் புது ஃபிலிம் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் போட்ட கையெழுத்துகளை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தார். அழித்த இடத்தில் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினார்.

"அண்ணே, நான் போட்டதே நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா என்னோடது இல்லயே" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ரப்பர் தூளை ஊதிவிட்டார்.

நான் ஃபிலிமைப் போட்டுக் கேமராவை மூடினேன். பிறகு அவர் எழுந்தார், தள்ளாடினார், ஜன்னலடியில் விழுந்தார். ஒரு பக்க வாய் கோணிப்போனது.

"அண்ணியக் கூப்புடுடா" என்றார். குழறினாலும் புரிந்தது.

அண்ணி அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டால் கேட்டிருக்கும். ஆனால் ஜன்னல் வெளிச்சம் அண்ணன் முகத்தின் பாதியில் மட்டும் விழுந்திருந்தது. இடது கை என்னை நோக்கி நீண்டிருந்தது, விரல்களில் இன்னும் ரப்பர் இருந்தது. அப்படியொரு வெளிச்சம் கேட்டாலும் கிடைக்காது. நான் மண்டியிட்டு எடுத்தேன். கொஞ்சம் தள்ளிப்போய் எடுத்தேன். அவர் கேமராவையே பார்த்தார். எதற்காக என்று அவருக்குப் புரிந்திருக்கும். ஃபிலிம் தீர்ந்த பிறகு அண்ணியைக் கூப்பிட்டேன்.

இன்னும் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். நான் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கண்காட்சியில் அந்தப் படத்தைக் கடைசியாக மாட்டினேன். அண்ணன் தன்னைத்தானே டைமர் வைத்து எடுத்துக்கொண்டது என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். அண்ணி அதன் முன்னால் வந்து நின்றார். பிறகு குனிந்து வலது ஓரத்தைப் பார்த்தார்.

"விழுந்த மனுஷன் எப்ப எழுந்து கையெழுத்துப் போட்டாரு தம்பி?"

கை பழக்கத்தில் போட்டுவிட்டது. நல்ல பிரிண்ட் என்றால் அவர் பெயர்தான். அண்ணி உங்களிடம் புகார் கொடுக்க வந்ததில் தவறில்லை.

கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. அவர் சாகட்டும் என்றுதான் ஃபிலிம் தீரும்வரை எடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு வெட்கமாக இருப்பது வேறொன்றுக்காக. என் வாழ்நாளில் நானே எடுத்த நல்ல படம் அது ஒன்றுதான், ஐயா. அதற்குக் கீழேகூட என் பெயரைப் போட எனக்குத் துணிவு வரவில்லை.