கிழக்குப் புஞ்சை மனைகள்

எனக்குக் காற்றோட்டமான வீடு பிடிக்கும். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டும். காலை வெயில் அடுப்படி வரை வர வேண்டும். பிளேக் இன்ஸ்பெக்டராகக் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றியவர் நீங்கள். இந்த ஆசையில் தப்பில்லை என்று ஒப்புக்கொள்வீர்கள்.

எங்கள் வீட்டுச் சந்து எப்படி என்று பார்த்தீர்களே. இரண்டு மாடு எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே தானியக் குதிர், அதற்கு அடியில் எலி. எலி செத்து விழுந்தால் ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு தோட்டங்களில் குடிசை போடும். நோய் அடங்கியதும் அதே இருட்டு வீடுகளுக்குத் திரும்பிவிடும். பஞ்சாயத்து போர்டில் மெம்பரான நாளிலிருந்து நான் கேட்டது ஒன்றுதான்: ஊருக்குக் கிழக்கே உள்ள புஞ்சையை மனைகளாகப் பிரிக்க அனுமதி கொடுங்கள், அகலமாகத் தெரு விடுவோம், ஜனங்கள் நிரந்தரமாகக் குடியேறட்டும். அந்த நிலத்தில் எனக்கு ஒரு சென்ட் கூடக் கிடையாது. பிரசிடெண்ட் நல்லகண்ணு கொட்டாவி விட்டபடி, "அடுத்த கூட்டத்துல பாப்பம்" என்பார். எல்லாக் கூட்டத்திலும் அதுதான்.

முதல் எலி எப்போது விழுந்தது என்று கேட்கிறீர்கள். மொக்கம்மாள் கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால்.

அவள் தாய் இருளம்மாள் எங்கள் பக்கத்து வீடு. புருஷன் இல்லாதவள். போர்டு மெம்பர் என்று என்னிடம்தான் ஓடி வந்தாள்.

"அண்ணே, குதிருக்குக் கீழ ரெண்டு எலி செத்துக் கெடந்துச்சு. எரிச்சுப்புட்டேன். வெளிய தெரிஞ்சா ஊரைக் காலி பண்ணச் சொல்லுவாக. கல்யாணம் நின்னுபோகும். யார்ட்டயும் சொல்லிறாதீக."

"சொல்லலத்தா. போயி வேலையப் பாரு" என்றேன்.

கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். மறுபடியும் குடிசை, மறுபடியும் திரும்பி வருதல், மறுபடியும் நல்லகண்ணுவின் கொட்டாவி. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். யோசிக்காமல் இருந்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அன்று சாயங்காலமே என் மனைவியையும் பிள்ளைகளையும் வீரபாண்டிக்கு வண்டியேற்றி விட்டேன். கல்யாணம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அவள் கெஞ்சினாள். அம்மனுக்கு நேர்த்திக்கடன் பாக்கி என்று பொய் சொன்னேன்.

பந்தி அந்தச் சந்திலேயே நடந்தது. தெருவே உட்கார்ந்து சாப்பிட்டது. நான் வயிறு சரியில்லை என்று தோட்டத்தில் படுத்துக்கொண்டேன். மேளச் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

கல்யாணம் முடிந்த கையோடு இருளம்மாளுக்கு அக்குளில் நெறி கட்டியது. அவள் போனாள். பிறகு மாப்பிள்ளை. பிறகு வரிசையாகப் போனார்கள். சுடுகாட்டில் விறகுக்குத் தட்டுப்பாடு வந்தது. பேரனைப் புதைத்துவிட்டு வந்த நல்லகண்ணு, அடுத்த கூட்டத்தில் வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டார். மனைப்பிரிவுக்கு அனுமதி கிடைத்தது. எதிர்த்து ஒருவரும் பேசவில்லை.

மொக்கம்மாள் பிழைத்தாள். முதல் மனை அவளுக்குத்தான் கொடுத்தோம். போன வாரம் என்னை வழிமறித்து, "மாமா, நீங்க மல்லுக்கட்டி இந்த எடத்த வாங்கித் தரலேன்னா நானும் அங்கனயே செத்திருப்பேன்" என்று காலில் விழுந்தாள். என்னால் அவளைத் தூக்கிவிடக் கூட முடியவில்லை. அதன் பிறகு நான் அந்தத் தெருப்பக்கம் போவதில்லை. மனைவி அங்கே ஒரு மனை கேட்கிறாள். வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

எலி விழுந்தது எனக்குத் தெரியும். சாவு வரும் என்பதும் தெரியும். சாவு வந்தால்தான் அனுமதி வரும் என்பதும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சொல்ல வேண்டாம் என்று கேட்டது இருளம்மாள்தான். அதையும் சேர்த்து எழுதுங்கள். அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை.