பெயர்களை மீட்டுப் பிழை பிடித்த அல்போன்சா அம்மாவுக்கு

ரூபாய் ஏழாயிரத்து நானூற்று முப்பத்தாறு. மூட்டை தூக்கும் மொக்கைச்சாமியாகிய நான் எங்கள் சுமைப்பணிச் சங்கத்துக்குக் கட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டர் காட்டிய பாக்கி இது.

கணக்கின் கண்ணே! ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியின் கலங்காத நெஞ்சே! முப்பத்தொரு ஆண்டுகள் திண்டுக்கல்லிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, எங்கள் கூலிக்குப் புரோகிராம் எழுதிக் காத்த அல்போன்சா அம்மையே! வணக்கம்.

நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றவன் எழுதும் மடல் இது. பிழை இருந்தால் பொறுப்பீர்கள். பிழை பொறுக்காதது உங்கள் கணக்கு ஒன்றுதான்.

முன்பணம் வாங்கியது ஐயாயிரம். கூலியில் பிடித்துப் பிடித்துத் தீர்ந்தது என்றிருந்தேன். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாங்க? மாசக் கடைசிக்குள்ள கட்டலைன்னா பில்லையைக் கழட்டி வச்சுட்டுப் போங்க" என்றார் செயலாளர் பழனிக்குமார். சங்கத்து அடையாளப் பில்லை போனால் மூட்டை இல்லை. மூட்டை இல்லாவிட்டால் வீட்டில் உலை இல்லை. அதே மாசக் கடைசியில் உங்களுக்கும் ஓய்வு. எனக்கென்ன என்று நீங்கள் போயிருக்கலாம். போகவில்லையே!

புரோகிராமை, வரி வரியாக நிறுத்திப் பிழை தேடும் டிபக்கரில் போட்டுப் பார்த்தீர்கள். கருப்புத் திரை நிறைய வெறும் எண்கள்.

"புரோகிராமுக்குள்ள ஒவ்வொரு தொகைக்கும் வச்ச பேரையெல்லாம் நாந்தாண்ணே உரிச்சு எடுத்தேன். அப்ப இருந்த மிஷின்ல இடம் பத்தல. இப்பச் சீட்டுக் கிழிஞ்ச மூட்டை மாதிரி எது யாருதுன்னு தெரியல" என்றீர்கள் என்னிடம்.

எழுதி வைத்த மூலத்தைத் தேடியெடுத்து, பெயர்களும் வரி எண்களும் உள்ளேயே தங்கும்படி, வேகத்துக்காக வரிகளை இடம் மாற்றாதபடி, மிஷின் ஓட்டும் வடிவுக்குப் புதிதாகக் கம்பைல் செய்தீர்கள்.

"ஏனுங்க மேடம், இம்புட்டு மெதுவாப் போகுது?" என்றார் செயலாளர்.

"அவசரப்படுத்துனா வரி முன்னபின்ன தாவும் சார். இது நான் நில்லுன்னா நிக்கும்."

நின்றது! முன்பணம் என்ற பெயரைத் தட்டினீர்கள், தொகை சொன்னது. ஒரு வரி நகர்த்தி மறுபடி கேட்டீர்கள். ஒரே நாளில் இரண்டாவது லாரி ஏற்றியவனுக்கு, பிடித்த தவணையைக் கழிக்காமல் கூட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு வரி. நாங்கள் மூட்டை ஏற்ற, அது கடன் ஏற்றியிருக்கிறது! அதிகம் உழைத்தவனே அதிகக் கடன்காரன்!

பழைய மிஷின் மேல் பழி போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? சங்கத்தில் கூடியிருந்த அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றீர்கள்: "இந்த வரி நான் எழுதுனது. தப்பு என்னோடது, மொக்கைச்சாமியண்ணே மேல ஒண்ணுமில்ல."

பிழையைப் பிறர் தலையில் ஏற்றாத பெருந்தகையே! தலைச்சுமைக்காரர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும். அன்று எங்கள் மார்பு நிமிர்ந்தது, இன்னும் குனியவில்லை.

இனி முதல் பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். வெயில் ஏறிய பிறகு எழுந்து, சுடச்சுடக் காப்பி குடித்து, கண்ணும் கையும் நோகாமல் நெடுங்காலம் நலமாக இருங்கள் அம்மா.

இன்று காலை செயலாளரே ஏட்டை என் முன்னால் விரித்தார். என் பேருக்கு நேரே இருந்த தொகையைச் சிவப்பு மையில் அடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த வரியால் மாட்டிய மற்றப் பதினொரு பேருக்கும் அப்படியே. பக்கத்தில் எழுதியிருந்ததை யார் துணையும் இல்லாமல் நானே கூட்டிப் படித்தேன்: "பாக்கி இல்லை."

இப்படிக்கு,
மொக்கைச்சாமியும் சுமைப்பணித் தோழர்கள் முப்பத்தெட்டுப் பேரும்,
ஒட்டன்சத்திரம்.