மூன்றாம் மாடி ஸ்டூல்

இப்போதெல்லாம் எதற்குக் கைதட்டுவது என்று ஜனங்களுக்குத் தெரிவதில்லை. மேடையில் ஒருவன் மைக்கைத் தட்டிப் பார்த்தாலே தட்டுகிறார்கள். எனக்கும் தட்டினார்கள். தட்டின கையோடு போனை எடுத்துக் குனிந்துகொண்டார்கள். இவன் யார், என்ன செய்தான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

போலீஸுக்கு உதவின பொதுமக்களுக்குப் பாராட்டு என்று பேனர் கட்டியிருந்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். பை பறித்துக்கொண்டு ஓடியவனைக் காலைக் கொடுத்து விழவைத்த பேக்கரிக்காரன். ஒரு திருடனின் முகத்தை மறக்காமல் அடையாளம் காட்டிய நர்ஸம்மா. அப்புறம் நான். பெரிய அதிகாரி பேசினார். "இவங்க கண்ணைத் தொறந்து வெச்சிருக்கறதாலதான் நாம கண்ணை மூடித் தூங்கறோம்" என்றார். பேக்கரிக்காரன் என் காதருகே குனிந்து, "அப்போ தூங்கறதை ஒத்துக்கறாரு, பாத்தீங்களாண்ணே" என்றான். நான் சிரிக்கவில்லை.

போலீஸை நான் நம்பினவன் இல்லை. சின்ன வயதில் சைக்கிள் காணாமல் போய்ப் புகார் கொடுக்கப் போனேன். நாளெல்லாம் உட்காரவைத்து, முதலில் அந்த சைக்கிளை நீ எங்கே திருடினாய் என்று கேட்டார்கள். அன்றைக்கு வைத்த கும்பிடு. படிப்பும் எனக்குக் கிடையாது. கையெழுத்து மட்டும் போடுவேன்.

நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டையும் வாசலையும் பார்த்துக்கொள்வது என் வேலை. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அதில் நானும் என் வீட்டுக்காரியும். அவளுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோய்விட்டது. படுக்கைதான். மூன்றாம் மாடியில் ஒரு டைப்பிஸ்ட் அம்மா தனியாக இருந்தார். ஓய்வு பெற்றவர், பார்வை மங்கியவர். அவர்தான் சாயங்காலமானால் கீழே வந்து இவளுக்குத் தலை வாரிவிடுவார். கண் தெரியாதவர் வாரிவிட்டும் வகிடு நேராக இருக்கும். "ஒழுங்கா உக்காருடி, கல்யாணப் பொண்ணாட்டம் ஆக்கிடறேன்" என்பார். இவள் பாதி வாயால் சிரிப்பாள்.

அதே மாடியில்தான் கட்டடத்தின் செக்ரட்டரியும் இருந்தார். நின்று காத்திருப்பது அவருக்கு ஆகாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஆபீஸ் நேரத்தில் லிஃப்ட் பெட்டியை மூன்றாம் மாடியிலேயே நிறுத்தி வைப்பேன். அவர் போனைக் காதில் வைத்தபடியே கிரில் கதவை இழுத்துவிட்டு, உள்ளே பார்க்காமல் காலை வைப்பார். அந்த மாடிக் கதவின் பூட்டு தேய்ந்துபோய், பெட்டி இல்லாவிட்டாலும் கதவு திறந்துகொள்ளும். வராந்தா பல்பும் எரியாது. இரண்டையும் பல தடவை சொல்லிவிட்டேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்பார். அதனால் பெட்டி அங்கே இல்லாத நாளில் என் ஸ்டூலைக் கொண்டுபோய்க் கதவுக்குக் குறுக்கே போட்டுவிடுவேன். ஸ்டூல் கிடந்தால் படியில் இறங்கு, கிடக்காவிட்டால் பெட்டி நிற்கிறது. கட்டடத்தில் குழந்தைக்குக்கூட இது தெரியும். டைப்பிஸ்ட் அம்மா கைத்தடியை நீட்டித் தடவிப் பார்ப்பார். தடி மரத்தில் இடித்தால், "சரி, இன்னைக்கு நடராஜா சர்வீஸ்தான்" என்று சிரித்துக்கொண்டே படிப்பக்கம் திரும்புவார்.

செக்ரட்டரி ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "ஏ லிஃப்டு" என்றுதான் கூப்பிடுவார். தானாக ஓடுகிற புது லிஃப்ட் வரப்போகிறதாம். ஆள் வேண்டாமாம். என் அறையில் ஜெனரேட்டர் வைக்கப்போகிறார்களாம்.

"அவளைத் தூக்கிக்கிட்டு நான் எங்கே சார் போவேன்?"

"அது உன் குடும்ப விஷயம்ப்பா. அதுல நான் தலையிட முடியுமா, நீயே சொல்லு" என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். நான் வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டேன். எல்லோரும் உச் கொட்டினார்கள். கமிட்டி முடிவு என்றார்கள். என் மகனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அடுத்த மாதம் காலி செய்யவேண்டும். அவளிடம் நான் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ராப்பகலாக விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி இருந்தது.

அந்த வாரத்தில்தான் ரிப்பேர்காரன் வந்தான். நல்ல பையன். என்னோடு உட்கார்ந்து டீ குடிப்பான், மாமியார் ஊர்க் கதையெல்லாம் சொல்லுவான். பெட்டியை நாலாம் மாடிக்கு ஏற்றி நிறுத்திவிட்டு வேலை பார்த்தான். மூன்றாம் மாடியில் ஸ்டூலை அவனே போட்டான். ஏதோ சாமான் வாங்கக் கடைக்குப் புறப்பட்டவன், "மாமா, ஸ்டூல் போட்டிருக்கேன், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

நான் படியேறிப் போய் ஸ்டூலை எடுத்து வந்தேன். அது என் ஸ்டூல். வாசலில் போட்டு உட்கார்ந்தேன். செக்ரட்டரி புறப்படும் நேரம்.

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. ரிப்பேர்காரனை வரச் சொன்னதே செக்ரட்டரிதான். தான் கூப்பிட்ட ஆள் லிஃப்டில் வேலை செய்கிறான் என்று அவருக்குத் தெரியாதா? நான் வீட்டுக்காரிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோதே அவர் படியில் இறங்கிப் போயிருக்கிறார். நான் கவனிக்கவில்லை. டைப்பிஸ்ட் அம்மா காலையில் வெளியே போகிறவர் இல்லை. அன்றைக்கு அவருடைய புதுக் கண்ணாடி தயார் என்று கடையிலிருந்து போன் வந்திருக்கிறது.

தடி முதலில் விழுந்தது. அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்தார். கண் தெரியாத அம்மா, தவறி விழுந்து உசுரை விட்டுட்டாங்க என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். யாராவது ஒருத்தன் வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. என்னிடம் வருவதற்குள், ரிப்பேர்காரன் கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் கடைக்குப் போனான் என்று சொன்னேன். கூட்டத்தைப் பார்த்துப் பயந்து அவன் ஏற்கெனவே ஓடிப்போயிருந்தான். மாமியார் ஊருக்குத்தான் போயிருப்பான் என்றும் சொன்னேன். அங்கேயே பிடித்தார்கள்.

"ஸ்டூல் போட்டேன்னு சாதிக்கறான். யாராச்சும் எடுத்திருப்பாங்களா, பெரியவரே?"

"என் ஸ்டூலை என்னைத் தவிர எவனும் தொடமாட்டான் சார்."

நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். நான் என்ன செய்வது?

பாராட்டுக்கு என் பெயரை எழுதிக் கொடுத்தவர் செக்ரட்டரி. விழா முடிந்து என் தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். போலீஸே பாராட்டின ஆளை வெளியே அனுப்பினால் கட்டடத்துக்குக் கெட்ட பெயர் என்று கமிட்டியில் அவரே பேசினார். ஜெனரேட்டருக்கு வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அறை தங்கிவிட்டது. வீட்டுக்காரியிடம் போய்ச் சொன்னேன். "அந்தம்மா ஏன் வரல?" என்று கேட்டாள். ஊருக்குப் போயிருக்காங்க என்றேன். அவள் தலை சிக்குப் பிடித்துக் கிடக்கிறது. நான் வாரினால் வலிக்கிறது என்கிறாள்.

போன வாரம் ரிப்பேர்காரன் பெண்டாட்டி வாசலில் வந்து நின்றாள். அழவில்லை, சண்டையும் போடவில்லை. "ஐயா, அவர் ஸ்டூலைப் போட்டேன்னு என்கிட்ட சத்தியம் பண்றார். எதுக்கும் நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்கய்யா" என்றாள். அவள் போன பிறகு அந்த ஸ்டூலில் நான் உட்காரவில்லை. இன்று காலை சட்டை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

என் போட்டோ அங்கே சுவரில் தொங்குகிறது. எனக்கு நாற்காலி போட்டார்கள், டீ வந்தது. "ஸ்டூலை எடுத்தது நான்தான் சார்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "தெரியாம எடுத்துட்டீங்க, அப்படித்தானே?" என்றார்.

தெரிந்தேதான் எடுத்தேன். செக்ரட்டரி விழட்டும் என்று எடுத்தேன். அந்தப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. அவர் வேறு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொல்ல முடியும். தலையை ஆட்டினேன்.

"வயசு, பெரியவரே. அந்தம்மா மேல பாசம் வேற. மனசு எதையாவது கிளறிக்கிட்டேதான் இருக்கும். கேஸ் கோர்ட்டுக்குப் போயாச்சு. பெரிய ஐயா கையால பரிசு வாங்கியிருக்கீங்க. இதை வெளியில பேசினா உங்களுக்கும் அசிங்கம், எங்களுக்கும் அசிங்கம். வீட்டுக்குப் போய்ப் பாட்டியம்மாவைப் பாருங்க" என்றார். வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். இவர்களை நம்பாதே என்று நான் சொல்வது சும்மாவா?

வெளியே பெஞ்சில் ரிப்பேர்காரன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போவதைப் பார்த்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"சொன்னீங்களாய்யா?"

"சொன்னேம்மா."

"என்ன சொன்னாங்க?"

"போகச் சொல்லிட்டாங்க."

அவள் அங்கேயே நின்றாள். நான் படியிறங்கி நடந்தேன். அந்தப் பையனை உள்ளே வைத்திருப்பது போலீஸ், நான் இல்லை. ஒரு மனிதன் செய்யவேண்டியதை நான் செய்தாகிவிட்டது. காதில் போட்டுக்கொள்ளாதது அவர்கள் குற்றம்.