பூட்ட முடியாத சொத்து

எங்கள் குடியிருப்பில் ஒரு வசதி, மூன்றாம் மாடிவரைக்கும் தண்ணீர் நன்றாக ஏறும். அதற்காகவே என் தங்கை மூன்றாம் மாடி வீட்டைக் கேட்டு வாங்கினாள். அவள் கணவர் அரசு வங்கியின் கட்டடப் பொறியாளர். நான் அதே வங்கியின் சட்ட அதிகாரி. முதல் மாடியில் இருந்தேன்.

குடியிருப்பு வங்கிக்குச் சொந்தம். வங்கிச் சொத்தை எந்த நீதிமன்றமும் ஜப்தி செய்ய முடியாது. வங்கி சம்மதிக்காமல் எந்த அதிகாரியும் பூட்டவும் முடியாது. அந்தச் சட்டப்பிரிவு எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஒருநாள் மாப்பிள்ளை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "மச்சான், நம்ம குடியிருப்புல கீழ்த்தளத் தூண் வெடிச்சிருக்கு. கம்பி வெளிய தெரியுது. எல்லாரையும் காலி பண்ணணும்."

வங்கியின் கடன் பத்திரங்கள் அந்த வாரம் விற்பனைக்கு வரவிருந்தன. அவற்றுக்கு ஈடாகக் காட்டிய சொத்துகளில் வில்லங்கம் இல்லை என்று கையெழுத்திட்டவன் நான். "பத்திரம் வித்து முடியட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க," என்றேன். தலையாட்டினார். ஆனால் நேராக நகராட்சிக்குப் போய்ச் சொல்லிவிட்டார். சொந்த மாப்பிள்ளை இப்படிச் செய்வார் என்று யார் நினைப்பார்கள்?

நகராட்சி அதிகாரி பூட்டும் அரக்குமாக வந்தார். வாசலிலேயே சட்டப்பிரிவைக் காட்டினேன். திரும்பிப் போனார்.

மாடியிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். "என்னண்ணா?"

"ஒண்ணுமில்லம்மா, உள்ள போ."

வேறு வீட்டுக்குப் போகலாம் என்று மாப்பிள்ளை அவளிடம் கெஞ்சியிருக்கிறார். "அண்ணனே ஒண்ணுமில்லைங்கறான், நீங்க ஏன் ஊரைக் கூட்டுறீங்க?" என்றாளாம்.

பத்திரங்கள் விற்றுத் தீர்ந்தன. வங்கித் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாள் மதியம் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வீட்டிலிருந்த பெண்கள் பலர் போனார்கள். தங்கையும் போனாள்.

எல்லாம் என் சொந்த முடிவு என்று வங்கி கைகழுவியது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமலேயே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னார்.

என் மனைவியும் பிள்ளைகளும் எப்படித் தப்பினார்கள் என்று கேட்டீர்கள். தூண் விஷயம் தெரிந்த அன்றே மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பள்ளி விடுமுறை, யாரும் சந்தேகப்படவில்லை. தங்கையையும் அனுப்பியிருக்கலாம். பொறியாளர் வீடே காலியானால் மற்றவர்கள் புரிந்துகொள்வார்களே.

எல்லோரும் என்னைக் கைவிட்டார்கள். என் தங்கை மட்டும் உயிரோடு இருந்திருந்தால், எனக்காகத்தான் சாட்சி சொல்லியிருப்பாள்.